ஜும்ஆ நேரம் கைமாறிய துப்பாக்கி

அனுப்புநர்:
திருமதி ஸாலிஹ் ஹமீமா உம்மா,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
ஊர்காவல் படைச் சட்டத் திருத்தக் குழு,
கொழும்பு.

விடயம்: பள்ளிவாசலுக்குக் காவல் நின்று உயிர்விட்ட என் மகன் ஷிப்லிமேல் உள்ள பழியை நீக்க, புதிய சட்டத்தில் வழிசெய்யக் கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. தொண்ணூறாம் ஆண்டு அந்த வெள்ளிக்கிழமை, திருகோணமலைப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலடியில் துப்பாக்கி கைமாறியபோது நின்றவர்கள்: ஊர்காவல் படைக்குப் பொறுப்பாயிருந்த என் தம்பி அலவி, அவருக்குக் கீழ் காவல் பார்த்த என் மகன் ஷிப்லி, பாங்கு சொல்லும் மோதினார் மக்கீன், கச்சான் கடலை விற்ற ராக்கம்மா. எதிர்வீட்டு வாசல் படலையில் நான். வேறு ஒருவருமில்லை. பிறகு தாமும் கண்டதாகச் சொல்லி வந்தவர்கள் எல்லாரும் பொய்.

2. ஊரே ஜும்ஆ தொழ உள்ளே போனால் வாசலைக் காப்பது யார்? அதற்காக முறைவைத்து ஒரு காவலர் தொழுகையை விட்டு வெளியே நிற்பது எங்கள் வழக்கம். இருந்தது ஒரே துப்பாக்கி. அது நிற்பவர் கையில். அன்று முறை தம்பியுடையது. மகனுக்கு லீவு. மருமகன்தானே என்று துப்பாக்கியை அவன் கையில் வைத்துவிட்டுத் தம்பி தொழப் போனார்.

3. சுட வந்தவர்கள் வந்தார்கள். என் பிள்ளை வாசலை விட்டு அசையவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். தம்பியும்தான்.

4. விசாரணையில் தம்பி, லீவில் நின்ற பெடியன் கேட்காமல் துப்பாக்கியைத் தூக்கினான் என்றார். ஆயுதத்தை இன்னொருவரிடம் கொடுப்பது குற்றமாம், உத்தியோகம் போகுமாம். மோதினார் தனக்குக் கண் தெளிவில்லை என்றார். பெருநாள் பிறை பார்க்க ஊரே அவரைத்தான் கூப்பிடும், ஐயா! ராக்கம்மா மட்டும் உள்ளதைச் சொன்னா. கச்சான்காரிக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்து அனுப்பினார்கள். அன்று கள்ளனான என் மகன் இன்றும் கள்ளன்தான்.

5. போன மாதம் மருதானையில் தங்கள் குழு பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டது. நானும் வந்தேன். தம்பி எழும்பி, தான் பொறுப்பாயிருந்த காலத்தில் ஆயுதம் ஒருநாளும் கைமாறவில்லை என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னார். போகும்போது, அக்காவான என்னிடம், ராத்தா சுகமா என்றும் கேட்டார். தாங்கள் அவருக்குத் தேநீர் கொடுத்தீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

6. ஆகவே, காவலர் ஒருவர் தன் இடத்தில் நிறுத்திய ஆளும் காவலரே என்று சட்டத்தில் எழுதுங்கள். பழைய விசாரணைகளுக்கும் அது பொருந்த வேண்டும். துப்பாக்கியைக் கொடுத்தவர் உண்மையை ஒப்புக்கொண்டால் தண்டிக்க வேண்டாம். அந்தப் பயத்தில்தானே பொய் பிறந்தது.

7. சுட்டவர்களை அல்லாஹ்விடம் விட்டேன். மோதினாரை அவர் மையத்தை அடக்கிய அன்று மன்னித்தேன். சட்டம் மன்னிக்கட்டும் என்று மேலே நானே கேட்டிருக்கிறேன். நான் மன்னிக்க மாட்டேன், என் கூடப் பிறந்த அலவியை.

இப்படிக்கு,
ஸா. ஹமீமா உம்மா

கொட்டாஞ்சேனை
14.07.2025