பவளத்தின் இடது பக்கம்

தூத்துக்குடி,
16 பிப்ரவரி 2025

அன்பு மகள் ஐஸ்வர்யாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாமல் படி. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் திறப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரர் மகன் ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான். அம்மாவின் முட்டுவலித் தைலத்தோடும் இரண்டு பாக்கெட் மக்ரூனோடும் இதையும் அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

அம்மா உன்னோடு ஷார்ஜா வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஞாயிறுதோறும் பேசுகிறாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, அவ்வளவுதான். நீ பக்கத்தில் இருக்கிறாய் என்பது அவள் குரலைத் தாழ்த்துவதிலேயே தெரிந்துவிடும். நானும் சோறு பொங்கப் பழகிவிட்டேன். ஒரு ஆளுக்கான அளவு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

கடையில் கயிறும் பெயிண்ட்டும் முன்போலவே போகின்றன. பகலில் விசைப்படகுக்காரர்கள் வந்து போவதால் பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. கடையை அடைத்த பிறகுதான் வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

போன ஆடி மாதம் முத்தையாபுரம் தாண்டி, உப்பளத்தை ஒட்டிய ஒரு மைதானத்துக்கு வேலி கட்ட நைலான் கயிறு கேட்டார்கள். நானே வண்டியில் கொண்டுபோனேன். நடக்கவும் பேசவும் சிரமப்படுகிற பிள்ளைகளை அங்கே குதிரையில் ஏற்றிப் பயிற்சி கொடுக்கிறார்கள். நடத்துகிறவள் ஜெமிமா என்று சாயர்புரத்துப் பெண், பிசியோதெரபி படித்தவள். குதிரை நடக்கும்போது முதுகு அசைகிற அசைவு பிள்ளையின் இடுப்புக்கு நடையைப் பழக்குமாம். ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்த, இரு பக்கமும் இரண்டு பேர் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். அன்று ஒரு ஆள் வரவில்லை. "அண்ணாச்சி, கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் நிக்கியளா?" என்று கேட்டாள். நின்றேன். அன்றிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் போகிறேன். பவளம் என்கிற வயதான பெண்குதிரைக்கு இடது பக்கம் என்னுடையது.

எனக்கு வாய்த்த பிள்ளை சரண்யாதேவி. ஏழு வயது, பேச்சு கிடையாது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து தாய் இரண்டு பஸ் மாறிக் கூட்டி வருவாள். முதல் மூன்று வாரம் அவள் குதிரையைத் தொடவே இல்லை. நான்காவது வாரம் ஏற்றியதும் கத்தத் தொடங்கினாள். அந்தக் கத்தல் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதைப் பார்த்ததும் என் கை தானாக அவள் வாயைப் பொத்தப் போயிற்று.

"அவ கத்தட்டும் அண்ணாச்சி. நீங்க காலை மட்டும் விட்டுராதிய" என்றாள் ஜெமிமா. குதிரையை நடத்திய வெள்ளத்துரை திரும்பிக்கூடப் பார்க்காமல், "பவளத்துக்கு ஹார்பர் லாரிச் சத்தமே பழகிட்டு, இது ஒண்ணுமில்ல" என்றான். மைதானத்தை மூன்று முறை சுற்றினோம். மூன்றாவது சுற்றில் கத்தல் விக்கலாகி, விக்கலும் நின்று, அவள் குனிந்து குதிரையின் பிடரியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். யாரும் அவளை அடக்கவில்லை. யாரும் விட்டுப் போகவும் இல்லை.

அன்று கடை திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். புதுவீட்டுப் பால்காய்ப்பு அன்று நித்திலன் கத்தியபோது, விருந்தாளிகள் பார்க்கிறார்கள் என்று, பெற்ற மகளின் ஆறு வயதுப் பிள்ளையை மாடி அறையில் விட்டுப் பூட்டினேன். ஐந்து நிமிடம்தான் என்று உன்னிடமும் அம்மாவிடமும் சாதித்தேன். அது பொய். இரண்டு பந்தி முடியும்வரை சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவன் கதவைத் தட்டுவது கேட்டது. கேட்டுக்கொண்டேதான் எல்லோரிடமும் பாயசம் போதுமா என்று விசாரித்தேன். பிறகு தட்டுவது நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இப்போது தாங்க முடியவில்லை. அன்று நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கியதிலும், அந்த மாதமே அம்மா உன்னோடு விமானம் ஏறியதிலும் ஒரு தப்பும் இல்லை.

சரண்யாதேவி பிறகு ஒவ்வொரு வாரமும் ஏறியதும் இடது காலைத் தானே என் கையில் வைப்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள், கால் மட்டும் வரும். பொங்கலுக்குப் பிறகு அவள் வரவில்லை. தகப்பனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்களாம். என்னிடம் சொல்லிவிட்டுப் போக நான் என்ன உறவா? அந்தச் சனிக்கிழமை, மேலே ஆளில்லாத குதிரையோடு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

நேற்றுப் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். அவன் தாய் கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால், அவள் சொல்லச் சொல்லப் படிவத்தை நான் நிரப்பினேன். எதைக் கண்டால் பயம், பயந்தால் எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது, எந்தச் சத்தம் ஆகாது. அவள் நிறுத்தவே இல்லை. இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினேன். எழுதும்போதே, நித்திலனுக்கு இதில் எத்தனை கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியும் என்று எண்ணிப் பார்த்தேன். பருப்புச் சோறு பிடிக்கும், அது ஒன்றுதான் தெரியும். இப்போதும் பிடிக்குமா என்று தெரியாது.

ஊருக்கு வா என்று கேட்க எனக்கு வாயில்லை மகளே. அவன் பயந்தால் கூட இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது. பிடித்துக்கொள்ளவா, தள்ளி நிற்கவா? ஒரு வரி போதும். அம்மாவிடம் சொல்லி அனுப்பினாலும் சரி.

நீயும் மாப்பிள்ளையும் அம்மாவும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். திருச்செந்தூர் போய் நித்திலன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். அங்கே பன்னீர் இலையில் தந்த விபூதியை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அவன் தூங்கும்போது நெற்றியில் கொஞ்சம் பூசிவிடு. தொட்டால் விழித்துக்கொள்வான் என்றால் தலையணைக்கு அடியில் வை. தாத்தா கொடுத்தது என்று சொல்ல வேண்டாம்.

உன் அப்பா,
பிச்சையா