தலைப்பிலிருந்து நான் எடுத்த சொல்

உங்கள் தம்பி மகன் துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "பெரியப்பா ஆபீஸ் பேப்பர் பூராவும் பெரியம்மா டைப் அடிச்சது. ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது, பாத்துக்கிடுங்க." அது சரியல்ல. ஒரு பிழை உண்டு. இன்று காலை உங்கள் பெட்டியைத் திறந்தபோது, கார்பன் தாளின் வாசனையோடு அந்தப் பிழை உள்ள தாள்தான் முதலில் கைக்கு வந்தது.

எழுபதுகளின் கடைசி. தூத்துக்குடிக் கடலில் அலைகளை அளந்துவிட்டு, சனிக்கிழமைதோறும் நான் டைப் அடிக்க வேண்டிய குறிப்பேடுகளோடு தென்காசி வீட்டுக்கு வருவீர்கள். அலையின் உயரம், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம், திசை என அட்டவணையில் ஒவ்வொரு பத்திக்கும் ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு. திசைக்கு, அலை எங்கிருந்து வருகிறது என்ற பொருளில், ‘வேவ் டைரக்‌ஷன் ஃப்ரம்’ என்று எழுதியிருந்தீர்கள். ஃப்ரம் என்ற சொல்லைக் கடைசியில் அந்தரத்தில் தொங்கவிட எனக்குக் கான்வென்ட்டில் கற்றுத்தரவில்லை. உங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டேன்.

தாளைப் படித்த மேலதிகாரி அதை அலை போகும் திசை என்று எடுத்துக்கொண்டார். ஒரு பருவத்தின் திசை அளவுகள் முழுவதும் தலைகீழாயின. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ‘என் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

அந்த வருடச் சாரல் காலத்தில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். காற்றில் என் குடை மடங்கித் திரும்பிக்கொண்டது.

"மேல்காத்துன்னா மேக்க இருந்து வருத காத்து. அலைக்கும் அப்படித்தான். நீரோட்டத்துக்கு மட்டும் போற திசை. பேர்ல சொல்லாட்டா எவனுக்கு வெளங்கும்?" என்றீர்கள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க?"

"வேற யாருட்ட சொல்ல, டீச்சரம்மா?" என்று சிரித்தீர்கள்.

நான் எந்தப் பள்ளியிலும் டீச்சராக இருந்ததில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். குடையைச் சரிசெய்வதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

அடுத்து நீங்கள் கொண்டுவந்த தாளில் ‘வேவ் ஃப்ரம் டைரக்‌ஷன்’ என்றிருந்தது. கடைசியில் தொங்கிய சொல் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. அது இன்னும் மோசமான ஆங்கிலம். ஒரு சொல்லையும் மாற்றாமல் அடித்தேன். நீங்கள் ஓய்வு பெறும்வரை அப்படியே அடித்தேன்.

இப்போதும் ஜன்னல் திரை அசைந்தால், காற்று எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். 

அந்தச் சொல்லை எடுத்தது நான் என்று தெரிந்துதான் நடுவில் வைத்தீர்களா? தெரிந்துகொண்டேதான் இத்தனை வருடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தீர்களா? கனவில் வந்து சிரிக்க வேண்டாம். எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.