குளத்தடி வயலுக்கு மஞ்சள் சாயம்

குத்துக்கல்வலசை
14-7-1984

அன்பு மகன் சிவனணைந்தபெருமாளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடு கன்றுகளும் சுகம், அங்கே பம்பாயில் நீயும் மருமகளும் பேத்தி குழல்வாய்மொழியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க இலஞ்சிக் குமாரரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சாரல் நன்றாக விழுகிறது, குற்றாலத்தில் கூட்டம் தாங்கவில்லை, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அடுப்படி ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, ஆள் வைத்து மாற்றிக்கொள்வேன், அதற்காக நீ கவலைப்படாதே. கவலைப்பட வேண்டிய சங்கதி வேறு இருக்கிறது.

போன வாரம் காலையில் வயலுக்குப் போனால், நடவுக்கு உழுது போட்டிருந்த நம் குளத்தடி வயலில் வெள்ளையடித்த கல் வரிசையாக நட்டிருக்கிறது. பிளாட் போட்டு விற்கிற செல்லப்பா குடையோடு நிற்கிறான். யாரைக் கேட்டு நட்டாய் என்றேன். அண்ணாச்சி பம்பாய்லேருந்து சம்மதம்னு எழுதியே குடுத்துட்டாவ, நீங்க என்ன ஆச்சி ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குதிய என்று உன் கடிதத்தை எடுத்து நீட்டினான். உன் கையெழுத்துத்தான். அப்பா போன பிறகு அந்த வயல் நம் இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது, எனக்கு ஒரு வரி எழுத உனக்குத் தோன்றவில்லையா? பதினாறு கல். குளத்து மடையைத் திறந்து மூடுகிற நம் சுந்தரபாண்டியைக் கூப்பிட்டுப் பதினாறையும் பிடுங்கிப் போட்டேன். செல்லப்பா போலீசுக்குப் போவேன் என்றான், தாராளமாகப் போ என்றேன். வாய்க்கால் கரை உடைந்திருந்த இடத்தில் அந்தக் கற்களை அடுக்கியாயிற்று, மறுநாளே கார் நெல் நட்டும் ஆயிற்று.

அவனுக்கு இவ்வளவு தைரியம் சும்மா வரவில்லை. நம் ஊரையும் சேர்த்துத் தென்காசிக்கு இரண்டாயிரத்தொன்று வரைக்கும் திட்டம் போட்டு, நகரமைப்பு ஆபீசில் படம் மாட்டியிருக்கிறார்கள். வீடு கட்டலாம் என்கிற இடத்துக்கெல்லாம் மஞ்சள் சாயம். நம் வயல் மஞ்சள், குளத்தடி முழுக்க மஞ்சள், அத்தனையையும் வீடு கட்ட ஒரே நாளில் திறந்துவிடப் போகிறார்களாம். எதை வைத்து என்று விசாரித்தேன். திட்டம் போட வந்தவர்கள் போன ஆடி மாதம் குற்றாலத்தில் தங்கி, எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்து, சாரலில் தளும்புகிற நம் குளத்தையும் பார்த்துவிட்டு, தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாத இடம் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆடியில் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்! பங்குனியில் அல்லவா வந்திருக்க வேண்டும்? கீழ்ப்பக்கம் இரண்டே வருஷத்தில் நாற்பது வீடு வந்தது, வீட்டுக்கு ஒரு கிணறு. இந்தப் பங்குனியில் அத்தனையும் வற்றிவிட்டது. அங்கே புதுவீடு கட்டி வந்த ரஹ்மத் டீச்சர் பள்ளிக்கூடம் போகுமுன் நம் கிணற்றில் இறைத்துக்கொண்டு போனாள். ஆசையா கட்டுன வீடும்மா, குளிக்கத் தண்ணி இல்லையே என்று ஒருநாள் அழுதேவிட்டாள். அவளை வீடு கட்டாதே என்று நான் சொல்வேனா? ஜனம் பெருகினால் வீடு வேண்டாமா? எத்தனை வீடு, எப்போது, அதுதான் என் கேள்வி.

நீ சின்ன வயதில் பார்த்ததுதானே. நடவுக்கு முன்னால் சுந்தரபாண்டி மடைச் சுவரில் எத்தனை கல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வார். முழுக் குளம் என்றால் எல்லா வயலும், அரைக் குளம் என்றால் அவரவர் வயலில் பாதிதான். கூட ஒரு வரப்புத் தாண்டினாலும் விடமாட்டார். உன் அப்பா ஒரு வருஷம் ஆசைப்பட்டுத் தாண்டி நட்டுவிட்டு, ஊர் பார்க்க நாற்றைப் பிடுங்கினார், மறந்துவிட்டாயா? நெல்லுக்கு உண்டான அந்த முறை வீட்டுக்கு ஏன் கூடாது? இதைத்தான் ஆபீசில் போட்ட கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். முதலில் ஊருக்குள்ளே சும்மா கிடக்கிற மனைகள், பிறகு மேட்டு நிலம், ஒவ்வொரு பங்குனியிலும் கிணறுகளை அளந்து பார்த்து, தண்ணீரும் சாக்கடையும் தாங்கினால் மட்டும் அடுத்த நூறு வீடு, குளத்தடியில் கை வைக்கவே கூடாது என்றேன். ஆபீசர் சிரித்துக்கொண்டே, இது நெடுங்காலத் திட்டம் பாட்டியம்மா, இரண்டாயிரத்தொன்றில் நீங்க எங்க இருக்கப் போறீங்க என்றார். சுடுகாட்டில் இருப்பேன் ஐயா, அதற்கு உங்கள் படத்தில் இடம் விட்டிருக்கிறீர்கள், என் பேத்தி குடிக்கிற தண்ணீருக்குத்தான் இடத்தைக் காணோம் என்றேன். அதற்குப் பிறகுதான், நிலத்துக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கொடுங்கள், ஆகஸ்டு பத்தாம் தேதி கடைசி என்று அவரே சொன்னார்.

நான் கூட்டத்தில் சொன்னதையெல்லாம் ரஹ்மத் எழுதிக் கொடுத்த மனுவை இதோடு வைத்திருக்கிறேன். ஒற்றை அறையில் மூன்று பேர் முடங்கிக் கிடக்கிறீர்கள், சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று நீ நினைப்பதில் தப்பில்லை, எனக்கும் அது மனசைப் பிசைகிறது. தென்காசியில் கோயில் தெருப் பக்கம் நமக்கு ஒரு மனை சும்மா கிடக்கிறதே, அதை விற்றுக்கொள், நாளைக்கே சம்மதம் தருகிறேன். குளத்தடி வயலை மட்டும் கேட்காதே, நான் இருக்கிற வரைக்கும் தரமாட்டேன்.

பேத்திக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், ஐஸ் வாங்கிக் கொடுக்காதே, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் சட்டென்று தலை துவட்டச் சொல். மருமகள் கேட்ட நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி நன்றாக இருக்க வேண்டும்.

ஆகஸ்டு பத்தை மறந்துவிடாதே. மனுவில் என் பேருக்குக் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். மனமிருந்தால் கையெழுத்துப் போடு. இல்லையென்றால் கிழித்துப் போடாமல் அப்படியே திருப்பி அனுப்பு. ஒரு கையெழுத்துக் குறைந்தால் செல்லாது என்று சொல்வார்கள், சொல்லட்டும், அந்த இடம் காலியாக இருக்கிறபடியே கொண்டுபோய்க் கொடுப்பேன். இது யார் போட வேண்டிய கையெழுத்து என்று கேட்டால், என் பிள்ளை என்று சொல்வேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஆவுடையம்மாள்