பிளக்கில் கட்டிய சாவி

ஓஸ்னியேல்,

சோறும் கறுப்பு பீன்ஸும் சட்டியில் இருக்கிறது. குழந்தை லியானெட் எழுந்ததும் ஊட்டு.

நேற்று கரண்ட் போனதும் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் பிளக்கிலேயே விட்டுவிட்டு டோமினோ ஆடப் போய்விட்டாய். கரண்ட் திரும்பி வந்தது. நான் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் மேசை கருகிப் புகைந்தது. பக்கத்துக் கட்டிலில் குழந்தை.

நீயோ, "அதான் ஒண்ணும் ஆகலையேடி" என்கிறாய்.

எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவில்லை. மல்டிமீட்டர், கட்டர் எல்லாம் அப்புறம். முதலில் அயர்னை வைக்க ஒரு ஸ்டாண்ட் வாங்கு.

யமில்கா

வீட்டுச் சாவியைத் தேடாதே. குழந்தையின் ரிப்பனால் அயர்ன் பிளக்கோடு கட்டியிருக்கிறேன். இனிமேல் அதன் இடம் அதுதான். வெளியே போவதென்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கு, அப்புறம் அவள் ரிப்பனை அவிழ்.