குப்பையில் போடச் சொன்ன குச்சிகள்

அக்டோபர் 6, ஞாயிறு

அம்மா வேலைக்குப் போகிற தெருவில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரும் செடி வளர்ப்பதில்லை. வளர்க்க ஆள் வைத்திருக்கிறார்கள். சிவப்பிரகாசம் சார் வீட்டில் அந்த ஆளின் பெயர் சந்திரா, என் அம்மா. பாத்திரம், பெருக்குவது, துடைப்பது எல்லாம் போக தோட்டமும் அவள்தான். அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. "காத்தாட நிக்கலாம் இல்ல சந்திரா" என்று சாரின் மனைவி நிர்மலா மேடம் விளக்கம் கொடுத்திருக்கிறார். காற்றுக்குப் பணம் பிடிக்காமல் விட்டாரே, பெரிய மனசு.

இன்று பன்னீர் ரோஜாவையும் செம்பருத்தியையும் கவாத்து செய்யச் சொன்னாராம் சார். வெட்டிய குச்சிகளை என்ன செய்வது என்று அம்மா கேட்டதற்கு, பேப்பரிலிருந்து தலை எடுக்காமல், "குப்பையில போடு" என்றாராம். அம்மா எங்கள் வீட்டைக் குப்பை என்று எடுத்துக்கொண்டு சுமந்து வந்துவிட்டாள். அறுபது குச்சி தேறியது.

பென்சில் தடிமன், நாலு கணு, அடியில் சாய்வாக ஒரு வெட்டு. வெட்டிய முனையைச் சோற்றுக்கற்றாழைச் சதையில் குத்தி எடுத்து நட்டோம். ஆற்று மணல் நல்லது என்கிறார்கள். அது லாரிக்காரர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும் போல. பக்கத்துத் தெருக் கட்டட வேலையில் சிந்திக் கிடந்த எம்-சாண்டைச் சலித்து, கழுவி, செம்மண்ணோடு கலந்தேன். தொட்டிகள்: மலைக்கோயில் படியில் பக்தர்கள் வீசிவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்கள். அடிப்பாதியில் மண், மேல்பாதி மூடி. முருகன் எனக்கு நேரடியாகச் செய்திருக்கிற ஒரே உதவி.

கடைசியில் அம்மா இடுப்பிலிருந்து இன்னொரு குச்சியை எடுத்தாள்.

"அவருதான் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொன்னாரே. இத எதுக்கு ஒளிச்சிகினு வந்த?"

"கேட்டு வாங்கினது வேரு வுடாதுடி. திருடி வெச்சாத்தான் வுடும்."

இந்த ஊரில் மணி பிளாண்ட் வைத்திருக்கும் அத்தனை வீட்டிலும் இதைச் சொல்வார்கள். ஆனால் குப்பைக்குப் போகிறதையே திருடிக்கொண்டு வந்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அக்டோபர் 9, புதன்

கணக்கு எளிது. நாற்பது செடி பிடித்தால் சனிக்கிழமைகளில் ஸ்டேஷன் வாசலில் விற்கலாம். தொடர்ந்து நடந்தால் அம்மா சார் வீட்டை விட்டுவிடலாம். முட்டி வீங்கிப்போய், இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். நைனா பொதட்டூர்பேட்டைத் தறியில் சம்பாதிப்பது வாடகைக்கே சரியாகிவிடுகிறது. நானோ பி.எஸ்சி. முடித்தவள் — மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், "கூப்பிடுவோம்" என்பதைக் கேட்டுவிட்டு மின்சார ரயிலில் திரும்புகிறவள்.

அக்டோபர் 13, ஞாயிறு

மார்க்கெட்டில் மிதிபட்டுக் கிடந்த தக்காளியின் விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி, காயவைத்து, முட்டை அட்டையில் போட்டேன். ஐந்தாம் நாள் முளைக்குமாம். என் வேலை விண்ணப்பங்களைவிட வேகம்தான்.

அக்டோபர் 20, ஞாயிறு

முளைத்தது. செத்தது. நான் சென்னை போன நாளில் பாசத்தில் அம்மா காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளை தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். தண்டு அடியில் அழுகி, எல்லாம் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. "எனக்கு மூணு வேள சோறு போடல, அதுக்கு மட்டும் ஊத்துறியா" என்றேன். கேட்கக் கூடாத கேள்வி. எழுதும்போதுதான் தெரிகிறது.

நவம்பர் 2, சனி

ரோஜாவில் தளிர். அம்மாவுக்கு ஒரே குஷி. இது வேர் இல்லை, குச்சிக்குள் மிச்சம் இருந்த சத்து வெளியே வருகிறது, அவ்வளவுதான் என்றேன். தேர்தலுக்கு முன்னால் போடுகிற ரோடு மாதிரி.

நவம்பர் 10, ஞாயிறு

பாட்டில் ஓரத்தில் வெள்ளை நூல். வேர். நாற்பத்திரண்டு பாட்டிலில்.

மூன்று முறை எண்ணினேன்.

நவம்பர் 12, செவ்வாய்

நிர்மலா மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பதினோரு வருடத்தில் முதல்முறை. முட்டி வலியில் அம்மா இரண்டு நாள் போகவில்லை. நலம் விசாரிக்க வரவில்லை, நாளைக்காவது வருவாளா என்று விசாரிக்க வந்தார்.

செடிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "நம்ம பன்னீர் ரோஜா மாதிரியே இருக்கே சந்திரா."

"ஆங், உங்க வூட்டுதுதாம்மா. திருடி வெச்சாத்தானே வேரு வுடும்" என்று அம்மா சிரித்தாள்.

அவரும் சிரித்தார். திருப்பதி லாட்ஜில் மணி பிளாண்டைக் கிள்ளி ஹேண்ட்பேக்கில் போட்டு வந்த கதையைச் சொன்னார். "மேனேஜர் பாத்துகினே இருந்தான், நான் பாட்டுக்கு வந்துட்டேன்." மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான். கிளம்பும்போது மேடம் பாட்டில்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

நவம்பர் 14, வியாழன்

அவர் எதற்கு எண்ணிவிட்டுப் போனார் என்று இன்று தெரிந்தது. இருபத்து நாலாம் தேதி சாருக்கு அறுபதாம் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் செடி கொடுக்கப் போகிறார்களாம். புதுமை. முக்கியமான விருந்தாளிகள் நாற்பது பேர்.

போனில் நிர்மலா மேடம்: "நம்ம வீட்டுச் செடிதானேம்மா. ஆட்டோ அனுப்பறேன்."

அம்மா தயங்கினாள். நான் போனைப் பிடுங்கி, "குச்சிதான் உங்களுது, அதையும் குப்பையில போடச் சொன்னீங்க. வேர் எங்களுது. தர முடியாது" என்றேன்.

பிறகு சார் பேசினார். குரலில் அவ்வளவு நிதானம். "திருடினேன்னு உங்கம்மாவே சொல்லியிருக்கா. சாட்சி நிர்மலா."

நவம்பர் 15, வெள்ளி

அந்தத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் சார் எழுதியிருப்பதை வாட்ச்மேன் தன் போனில் காட்டினார்: "நம் இல்லங்களில் பணிபுரியும் சந்திரா பொருள்களை எடுத்துச் செல்வதை ஒப்புக்கொண்டுள்ளார். அனைவரும் கவனமாக இருக்கவும்." கீழே பன்னிரண்டு கும்பிடுகள்.

என்ன பொருள் என்று எழுதவில்லை. ரோஜாக் குச்சி என்று எழுதியிருந்தால் தெருவே சிரித்திருக்கும். இப்போது ஆளாளுக்கு அவரவர் பீரோவைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

மேடம் கிள்ளினால் சடங்கு. அம்மா கிள்ளினால் களவு. அதுவும் கிள்ளவே இல்லை. பொறுக்கினாள்.

நவம்பர் 16, சனி

அதே தெருவில் அம்மா வேலை செய்கிற இன்னொரு வீட்டில், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குரூப்பில் வந்ததை அம்மாவிடமே காட்டினார்களாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர்களே வாசித்தும் காட்டியிருக்கிறார்கள். என்ன கருணை.

நைனா வந்தார். "பெரிய எடத்து விசயம், வுட்டுடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

நவம்பர் 17, ஞாயிறு

அம்மா கொடுத்துவிட்டாள். நாற்பத்திரண்டும்.

"குடுத்துட்டா அந்த மெசேஜ எடுத்துட்றேன்னு சார் சொல்லிகீறாருடி."

வேர் இன்னும் முற்றவில்லை, இப்போது அசைத்தால் அறுந்துவிடும், இன்னும் மூன்று வாரமாவது நிழலில் இருக்கணும் — எல்லாவற்றையும் சொன்னேன். "என் பேரு?" என்றாள். நானே பாட்டில்களை வாசலுக்குத் தூக்கி வந்தேன். பி.எஸ்சி.

ஆட்டோக்காரர் பாட்டில்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். அம்மாவே போய் இறக்கி, ஒவ்வொன்றாக நேராக வைத்துக் கொடுத்தாள்.

நவம்பர் 20, புதன்

மெசேஜ் அப்படியே இருக்கிறது. சார் மண்டப வேலையில் பிசியாம்.

நவம்பர் 24, ஞாயிறு

நிர்மலா மேடத்தின் ஸ்டேட்டஸில் போட்டோ. பாட்டிலுக்குப் பதில் சணல் பை. "எங்கள் இல்லத் தோட்டத்திலிருந்து அன்புடன்" என்று அச்சடித்த அட்டை. தளிர்கள் போட்டோவிலேயே தொங்குகின்றன. மண்ணைத் தட்டிவிட்டுத்தான் மாற்றியிருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் நாற்பது வீட்டிலும் காய்ந்துவிடும். "ராசி இல்ல" என்பார்கள்.

அம்மா போட்டோவைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். துவைத்த புடவையை எடுத்து மடித்து வைத்தாள்.

நவம்பர் 25, திங்கள்

அம்மா அந்த வீட்டு முன்கேட்டில் நின்று இன்றுதான் பார்த்தேன். அவள் வழி எப்போதும் பின்பக்கம்.

நான்தான் பேசுவதாக இருந்தேன். ராத்திரியே வசனம் எல்லாம் தயார். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள் — சும்மா இரு என்று.

வாசல் கதவு திறந்துதான் இருந்தது. சார் ஊஞ்சலில் இருந்தார். எங்களைப் பார்த்தார், பேப்பரைத் திருப்பினார்.

"சார், செடி வேணாம். வேலையும் வேணாம்" என்றாள் அம்மா. கத்தவில்லை. ஆனால் எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு. "குப்பையில போடுன்னு சொன்னது நீங்கதான். சந்திரா திருடலன்னு அந்தக் குரூப்புல எழுதுங்க."

உள்ளே மிக்சி ஓடத் தொடங்கியது. சார் எழுந்து உள்ளே போனார்.

மேல்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அடுத்த வீட்டில் இன்னொன்று. அம்மா முட்டியை மடக்க முடியாமல், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். மிக்சி நின்றதும் மறுபடி கேட்டாள்.

"எழுதுங்க சார். என் பொண்ணு படிச்சிக் காட்டுவா. நான் நிக்கிறேன்."