நீங்கள் கேட்காத கூலி

பாவா,

இன்று காலை கண்ணாடி துடைக்கும் துணிகளை வெந்நீரில் ஊறவைத்தேன். பக்கெட்டிலிருந்து சந்தன வாசனை எழுந்தது. மலையில் மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் லாட்ஜ் வராந்தாவில் களைத்துப்போய்க் கண்ணாடியில் சாய்ந்து உட்காருவார்கள். தலையில் பூசிய சந்தனம் வட்ட வட்டமாகக் கண்ணாடியில் அப்பிவிடும். அதைத் துடைத்துவிட்டு நீங்கள் வீட்டுக்கு வந்தால் குளித்த பிறகும் உங்கள் மேல் அந்த வாசனை போகாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "இன்னா பண்றது, முருகன் என்ன விடமாட்றாரு" என்று என் காதோரம் சொல்வீர்கள்.

அந்தத் துணிகளுக்கு இனி லாட்ஜில் வேலை இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் ரேட்டை ஏற்றினேன், பாவா.

நமக்குக் கல்யாணமான புதிதில் நீங்கள் அலுமினியக் கடையில் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தீர்கள். ஊரில் லாட்ஜுகளும் ஜவுளிக்கடைகளும் முகப்பு முழுக்கக் கண்ணாடி போட ஆரம்பித்த காலம். போட்ட இடத்திலெல்லாம் "இத யாரு தொடைக்கிறது?" என்று கேட்டார்கள். "நானே வந்து தொடைக்கிறேங்க" என்றீர்கள். அன்று உங்கள் வாயில் வந்த தொகைதான் கடைசிவரை நின்றது. சோப்பு விலை ஏறியது, பெட்ரோல் விலை ஏறியது. கூட வேலை செய்த தேவராஜ் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கூலியை நீங்களாக ஏற்றினீர்கள். நமக்கு வருவது மட்டும் ஏறவே இல்லை.

ஒரே ஒருமுறை என் தொல்லை தாங்காமல் லாட்ஜ் மேனேஜரிடம் கேட்கப் போனீர்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனீர்கள். சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

"கேட்டீங்களா பாவா?"

"ஆங், போனேன்."

"இன்னா சொன்னாரு?"

"அவரு பொண்ணுக்குக் கல்யாணமாம். செலவு மேல செலவுன்னு பொலம்பிகினு இருந்தாரு. அந்த நேரத்துல எப்படி கேக்கறது?"

"அப்ப கேக்கல."

சலவைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள். பிறகு, "வாசல் போர்டையும் சேத்துத் தொடைக்க முடியுமான்னாரு. சரின்னுட்டு வந்துட்டேன்" என்றீர்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு நம் வீட்டில் ரேட்டுப் பேச்சு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது.

போன ஆடிக்கிருத்திகைக்கு முன்னால், எல்லா லாட்ஜுக்காரர்களும் ஒரே நேரத்தில் கூப்பிட்ட வாரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சோளிங்கர் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. வண்டியில் நீங்கள் பேசியது என்னைப் பற்றிக்கூட இல்லை. "தேவராஜ் தனியா ஏணியில ஏற வேணாம்னு சொல்லு" என்றீர்கள். நான் உங்கள் வாயருகே காதை வைத்துத்தான் அதைக் கேட்டேன்.

தேவராஜ் தனியாக ஏறவில்லை. நான் போய் ஏணியைப் பிடித்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு சனமெல்லாம் பார்க்க, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் உங்கள் கைப்பிடி எனக்கு எங்கிருந்து வரும்? ஜவுளிக்கடையில் ஒருநாள் ஈரத்தில் ஏணிக்கால் வழுக்கியது. தேவராஜ் ஜன்னல் கிரில்லைப் பிடித்துத் தொங்கினார். கடைப் பையன்கள் ஓடிவந்து ஏணியை நிமிர்த்தினார்கள். அடி ஒன்றும் இல்லை. இறங்கி வந்தவர் வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. கீழ ஒரு ஆம்பள ஆளு புடிச்சிகினு இருந்தாதான் நான் இனிமே ஏறுவேன். எனக்கும் புள்ளைங்க இருக்குது."

தப்பாக நினைக்க அதில் என்ன இருக்கிறது? இன்னொரு ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டுமென்றால் ரேட்டை ஏற்றியாக வேண்டும். வேறு வழியில்லை.

முதலில் லாட்ஜுக்குப் போனேன். மேனேஜர் நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார். ஏணி வழுக்கிய கதையைச் சொல்லி, ஆள் போட வேண்டியிருப்பதைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அவரு இருந்தவரைக்கும் ஒரு பைசா ஏத்தினது இல்லம்மா. தங்கமான மனுஷன். இந்த ஊர்ல அவருக்கு ஒரு பேரு இருக்குது. அதக் கெடுத்துக்காதீங்க."

ஜவுளிக்கடை முதலாளியும் உங்களைப் பற்றித்தான் பேசினார். கடை திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மழையில் நனைந்துகொண்டே நீங்கள் துடைத்ததைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப வியாபாரம் இல்லைங்க, பழைய ரேட்டுக்கே பாருங்க" என்றார். கல்யாண மண்டபத்தில் உங்களைப் பற்றிப் பேசக்கூட யாருக்கும் நேரமில்லை. பள்ளிப்பட்டிலிருந்து இரண்டு பேர் பாதி ரேட்டுக்கு வருகிறார்களாம். அவ்வளவுதான் பதில்.

போன இடமெல்லாம் உங்கள் நல்ல பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது, பாவா. நான் வாயைத் திறந்ததும் அதை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். அதைத் தாண்டி நான் என்ன பேசுவது?

பல் டாக்டரம்மா மட்டும் வேறு மாதிரி. அவரிடம் சொல்வதற்காக வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. "சரிங்க, அடுத்த மாசத்துலேர்ந்து குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். நான் அங்கேயே நின்றேன். இவ்வளவுதானா என்று இருந்தது. வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள் கேட்டிருந்தால் மற்றவர்களும் இப்படிச் சொல்லியிருப்பார்களோ? தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை.

ஒரு கிளினிக்கை வைத்துக்கொண்டு ஆள் போட முடியாது. தேவராஜிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "நீங்க கேட்டீங்க இல்ல, அதுவே பெருசு அண்ணி" என்றார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தோட்ட வேலை கிடைத்திருக்கிறது. தரையில் நின்று செய்கிற வேலை. விடியற்காலை ரயிலுக்கு அவர் மனைவி சோறு கட்டிக் கொடுக்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். நானும் சந்தோஷப்பட முயற்சி செய்கிறேன்.

ஏணியை விற்றுவிட்டேன். உங்கள் சட்டைகளைச் சர்ச்சில் கொடுத்துவிட்டேன். கையெட்டும் உயரத்தில் உள்ள கண்ணாடிகளை மட்டும் நானே துடைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்கும் புது ரேட்டுதான். வாய்க்குப் பழக வேண்டுமே என்று அடுப்படியில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

இன்று மத்தியானம் ஒரு போன் வந்தது. திருப்பதி ரோட்டில் புதிதாகத் திறக்கும் ஓட்டல். பேசியவர் வெளியூர்க்காரர், பல் டாக்டரம்மா நம்பர் கொடுத்தாராம். உங்களைப் பார்த்ததில்லை, உங்கள் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

"முன்பக்கக் கண்ணாடி மட்டும்தாங்க, ஆளு ஒசரந்தான். ஒரு தடவைக்கு எவ்ளோ ஆவும்?"

சொன்னேன்.

"ஆங், சரிங்க. நாளைக்கே வந்துடுங்க" என்று வைத்துவிட்டார். பேரம்கூடப் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் என் காதில் விழுந்தது, நான் சொன்னது உங்கள் பழைய ரேட்டு. திரும்பக் கூப்பிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கூப்பிடவில்லை.