இரண்டு கையெழுத்து வேண்டும் ஊர்

6 மே 2023

டீவியில் எங்கோ ஒரு தேசத்து ராசாவுக்கு முடி சூட்டினார்கள். தங்க வண்டி, குதிரைகள், சிவப்புக் கோட்டுப் பட்டாளம். பாவாத்தாள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடியே பார்த்தாள். "ஏனுங்க, அவருக்கு உங்க வயசிருக்குமாட்ட. இதுக்கு மேல உக்காந்து என்னத்தப் பண்ணப் போறாரு?"

மருமகள் பொற்கொடி சிரித்தாள். "உக்காரத்தான் போறாருங்க அத்தே. சட்டம் போடறது வேற ஆளுங்க."

"அப்பறம் ராசா எதுக்கு?"

"போட்டோவுக்கா இருக்கும்."

எனக்கு இது பிடிபடவில்லை. நான் பார்த்த ராசா வேறு மாதிரி. ராமுலு பண்ணாடி. ஊரில் பாதி நிலம் அவருடையது, அதில் பாடுபட்டவர்கள் நாங்கள். அவர் சொன்னதுதான் சட்டம். மீறினால் தண்டனையும் அவர்தான் கொடுப்பார். அந்தத் தண்டனை நியாயமா என்று கேட்கப் போனால், நியாயம் சொல்லவும் அவரே உட்கார்ந்திருப்பார்.

இன்று ஊராட்சித் தலைவர் என் மருமகள். எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. இதையும் எழுதிக்கொள்ளட்டும். தலைவர் பொற்கொடி, ராசப்பன் மருமகள்.

19 மே

புதுக் குடிநீர்க் குழாய் வேலை நிற்கிறது. துணைத் தலைவர் வம்சி கையெழுத்துப் போடவில்லை. பண்ணாடியின் பேரன்தான்.

"தலைவர்னா உத்தரவு போட்டுட்டுப் போக வேண்டியதுதான அம்மணி?"

"முடியாதுங்க மாமா. காசோலைக்கு ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்."

"அப்ப நீ பாதித் தலைவரா?"

"ஆமாங்க. அவரும் பாதிதானுங்க."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். எனக்குத்தான் எரிகிறது. ஒருத்தர் வாயில் ஊர் நடந்த காலத்தில் சொன்ன அன்றே காரியம் முடியும். சொல்கிறவர் மனசு வைத்தால்.

22 மே

போயிட்டேன். யாரிடமும் சொல்லாமல் பண்ணாடி வீட்டுக்குப் போயிட்டேன்.

முன் கேட் திறந்துதான் கிடந்தது. கால் தானாகப் பின்பக்கம் திரும்பியது. மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "சாமீ" என்று கூப்பிட்டேன். தொண்ணூறை நெருங்குகிற மனுசன், சக்கர நாற்காலியில் இருந்தார்.

"ஆரு, ராசப்பனா? ஏன்டா பின்னால வாரே, முன்னால நாய் கடிச்சுப்போட்டுதா?"

விசயத்தைச் சொன்னேன்.

"வம்சிகிட்டச் சொல்றேன், நாளைக்கே போடுவான். உம்பட மருமவள ஒரு வார்த்தை வந்து கேட்டுட்டுப் போகச் சொல்லு. தலைவர்னு வர வேண்டாம். நம்ம தோட்டத்துப் புள்ளையா வரட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னார்.

காரியத்தை முடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்து சொன்னேன். பொற்கொடி சாப்பிடுகிற கையை நிறுத்தினாள்.

"மாமா, நீங்க கும்பிட்டு அவங்க போட்டாங்கன்னா அது கையெழுத்து இல்லீங்க, பிச்சை. நாளைக்கு அவங்க கோவிச்சுக்கிட்டா குழாய்லயும் தண்ணி வராது."

"எனக்குத் தெரிஞ்ச வழில போனேன் அம்மணி."

"தெரியுங்க. அதனாலதான் உங்களத் திட்டவும் முடியல."

அவள் போக மாட்டாள். இனி அவர்கள் போடவும் மாட்டார்கள். கெடுத்துப்போட்டேனா? ஏன்டா போனேன்?

23 மே

பொற்கொடி சோறு போட்டாள். பேச்சில்லை.

15 ஆகஸ்ட்

பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபை. ஊரே ஜமுக்காளத்தில். பொற்கொடி மைக்கைப் பிடித்தாள்.

"குழாய் வேலைக்குத் துணைத் தலைவர் ஏன் கையெழுத்துப் போடலைன்னு சபைல சொல்லிருங்க."

அந்தக் குடும்பத்தை 'ஏன்' என்று கேட்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. வம்சி எழுந்தான். முகம் சிவந்திருந்தது.

"தலைவரக்கா, வேலை உங்க தெருவுலதான் ஆரம்பிக்குது. கடைசில இருக்குற பள்ளிவாசல் வீதிக்கு இன்னும் லாரித் தண்ணிதான். அவங்களுக்கு முன்னாடி உங்களுக்கா?"

என்னால் அடக்க முடியவில்லை. "இத்தன வருசம் தண்ணி மொதல்ல உங்க தோட்டத்துக்குப் போச்சே, அப்ப இந்த நாயம் எங்கீங்க போச்சு?"

ஒரே கைதட்டல். எனக்கே பெருமை தாங்கவில்லை. பள்ளிவாசல் வீதி வார்டு உறுப்பினர் உம்மல் குல்சும் எழுந்தாள்.

"பெரியவர் சொல்றது நெசந்தானுங்க. அந்தத் தம்பி சொல்றதும் நெசந்தான். எங்க ஊட்டுக் கொடம் காலியாத்தான் கெடக்குது."

கைதட்டல் நின்றது. பொற்கொடி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சபையைப் பார்த்தாள்.

"சரிங்க. கடைசி வீதில ஆரம்பிச்சு எங்க தெருவுல முடிக்கலாம். சம்மதம்னா கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. என் கை கொஞ்சம் தாமதம். வம்சி அங்கேயே கையெழுத்துப் போட்டான்.

பண்ணாடியை யாரும் இப்படி வழிமறித்ததில்லை. அவர் தப்பாகத் திரும்பிய இடத்திலெல்லாம் ஊரும் சேர்ந்து திரும்பியது. என் மருமகளை வழிமறித்தார்கள். நின்றாள், கேட்டாள், மாற்றிக்கொண்டாள். ராசாக்களுக்கு இது வருமா? எங்கள் வீட்டில் ஒருத்திக்கு வந்தது.

சாயங்காலம், "மாமா, டீ வெக்கட்டுங்களா?" என்றாள்.

3 நவம்பர்

பள்ளிவாசல் வீதியில் தண்ணீர் வந்துவிட்டது. "நம்மளுக்கு எப்பங்க?" என்றாள் பாவாத்தாள். கடைசியில் என்றேன். "பேருதான் தலைவர் ஊடு" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

18 ஜனவரி 2024

எங்கள் தெருவிலும் வந்துவிட்டது. பாவாத்தாள் புதுக் குழாயடியில் முதல் சண்டையும் போட்டு முடித்தாள்.

6 ஜனவரி 2025

நேற்றோடு பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரும்வரை அதிகாரி பார்த்துக்கொள்வாராம். பொற்கொடி ஆபீசை ஒப்படைத்துவிட்டு வந்தாள். இன்று காலையில், தலைவராவதற்கு முன் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் வேன் வந்தது. உள்ளேயிருந்து ஒருத்தி கத்தினாள்: "தலைவரே, சீட்டு இல்ல, நின்னுட்டே வாங்க!" பொற்கொடி சிரித்துக்கொண்டே ஏறினாள்.

ஒரு காலத்தில் பண்ணாடி காய்ச்சலில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊருக்குத் தண்ணீர் விடும் மோட்டார் ரூம் சாவி அவர் இடுப்பிலேயே போய்விட்டது. பூட்டை உடைக்க ஒருத்தருக்கும் தைரியமில்லை. அவர் பிழைத்து வரும்வரை ஊர் தாகத்தில் கிடந்தது.

வேன் போனபின் குழாயில் தண்ணீர் வந்தது. பாவாத்தாளுக்கு முழங்கால் வலி. நான்தான் பிடித்து வைத்தேன்.